நீர்மட்டம் காட்டாத பக்கம்

உங்கள் மின்விசிறி கொஞ்சம் ஆடுகிறது, டாக்டர். மேல்மூடியின் திருகு தளர்ந்திருக்கும். பெரிய கோளாறு இல்லை. பெரும்பாலான கோளாறுகள் அப்படித்தான், தேடுகிறவருக்குத்தான் மலையாகத் தெரியும்.

போன தடவை என் மகள் டார்லினை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "இது ஆரம்பிக்கதுக்கு முந்தி வீட்டுல ஏதாவது நடந்துச்சா சார்?" என்று கேட்டீர்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றேன். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தவறான விடையைத் திருத்தாமல் விட்டால் உறக்கம் வராது. அதனால் இன்று தனியாக வந்தேன். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை பாவ அறிக்கையை எல்லோரும் ஒரே குரலில் சொல்வோம். சௌகரியமான ஏற்பாடு. பக்கத்தில் நிற்கிறவர் எதை நினைத்துச் சொல்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஒற்றை ஆளாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி பாக்கியவதி இறந்துபோனபிறகு வீட்டில் சத்தமே இல்லாமல் போயிற்று. மகன் ஹெப்ரான் மஸ்கட்டில் இருக்கிறான். எப்போதாவது போன் செய்வான், "நல்லாருக்கீயளாப்பா?" என்பான், நான் வாயைத் திறப்பதற்குள் பில் ஏறுகிறது என்பான். மிச்சம் டார்லின்தான். எம்.சி.ஏ. முடித்திருந்தாள். ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யிலிருந்து லினக்ஸ் என்கிற இயங்குதளத்தைப் போட்டு, இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். சேர்ந்து என்பது ஒரு பேச்சுக்குச் சொல்வது. அவள் படித்தாள், எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். "எப்பா, கணக்கு வாத்தியாரு இவ்வளவு மக்காவா இருப்பாவ?" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகத் தெரிந்ததைக்கூடத் தெரியாத மாதிரி கேட்பேன். பாக்கியவதி போனதற்கு அப்புறம் நான் உயிரோடு இருந்தேன் என்றால் அந்த மாதங்களில்தான்.

காலையில் பேப்பரில் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டம் வரும் இல்லையா? அதை நான் வாசிப்பேன், அவள் தட்டுவாள். அது டேட்டாபேஸ் என்கிற தகவல் கிடங்கில் போய்ச் சேரும். ஒரு தேதியைக் கொடுத்தால் அன்றைக்கு அணையில் எவ்வளவு தண்ணீர் என்று திரையில் காட்டுகிற பக்கத்தை பி.எச்.பி. என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியிருந்தாள். பக்கம் கேட்கும், டேட்டாபேஸ் பதில் சொல்லும். இரண்டும் ஒரே பெட்டிக்குள்தான் இருக்கின்றன. ஆனாலும் பெயரும் பாஸ்வேர்டும் சரியாக இருக்க வேண்டும், நடுவில் உள்ள வாசல் திறந்திருக்க வேண்டும். அப்போதுதான் பேச்சு. அந்தப் பெட்டியின் எல்லா வாசலையும் திறக்கிற பாஸ்வேர்டை அவளே எனக்குச் சொல்லி வைத்திருந்தாள். "ஒங்களுக்குத் தெரியாம இதுல என்னப்பா இருக்கு?" என்றாள்.

தொண்ணூற்றெட்டு நவம்பரில், அவள் விண்ணப்பம் போட்டிருந்த சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து வேதமுத்து என்பவர் போன் செய்தார். சாயர்புரத்துக்காரர், அங்கே பெரிய பொறுப்பில் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரும்போது வீட்டுக்கே வந்து பக்கத்தைப் பார்க்கிறேன், சரியாக ஓடினால் புது வருஷத்தில் வேலையில் சேரலாம் என்றார். டார்லினுக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கும் சந்தோஷம்தான். அன்று அவள் கோயிலுக்குப் பாட்டுப் பழகப் போயிருந்தாள். நான் விளக்கைப் போடாமல் உட்கார்ந்து, ஜனவரியில் இந்த வீடு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர். பேப்பரில் வருகிற நீர்மட்டத்தை யாருக்கு வாசிப்பது? சென்னை ஒரு பெண்பிள்ளை தனியாக இருக்கிற ஊரா என்பது வேறு. நீங்களும் பெண்ணைப் பெற்றவர்தான், உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் அவள் குளிக்கப் போன நேரம், பக்கத்துக்குள் எழுதியிருந்த பாஸ்வேர்டில் ஒரு எழுத்தை மாற்றினேன். தேடும் நேரத்துக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாளே என்றுதான். மத்தியானத்துக்குள் கண்டுபிடித்துவிட்டாள். "கை தவறி அடிச்சிருக்கேன் பாருங்க, கழுத" என்று தன் கையில் தானே ஒரு அடி வைத்துக்கொண்டாள். என்னை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும், நான் அவள் அப்பா அல்லவா?

அதற்கப்புறம் சுலபமாகிவிட்டது. ஒரு நாள் டேட்டாபேஸை நிறுத்தி வைத்தேன். பிறகு, பி.எச்.பி.யை அதோடு பேச வைக்கிற வரியை அழித்தேன். அவள் நெருங்கிவிட்டாள் என்று தெரிந்தால் அதைச் சரிசெய்துவிட்டு வேறொன்றைக் கெடுப்பேன். கடைசியில் நான் கண்டுபிடித்ததுதான் நல்லது. நடுவில் இருக்கிற வாசலின் அனுமதியை மாற்றி, இயந்திரத்தின் உரிமையாளர் மட்டும் நுழையலாம், பக்கத்தை எடுத்துக்காட்டுகிற வெப் சர்வர் நுழையக் கூடாது என்று வைத்தேன். அவள் உரிமையாளராகக் கேட்டால் டேட்டாபேஸ் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கும். பக்கம் கேட்டால் இணைக்க முடியவில்லை என்று வரும்.

"இங்கன கேட்டா சொல்லுது, அங்கன கேட்டா மாட்டேங்கு. எனக்குப் பைத்தியம் புடிச்சிரும் போலப்பா."

"பைய பாப்போம்ட்டி. எங்க போயிரும்?" என்று சொல்லி, காபி போட்டுக்கொண்டு வந்து, கோளாறு இல்லாத இடங்களாகப் பார்த்துச் சொல்லிக்கொடுப்பேன். சில நாள் எல்லாவற்றையும் ஒழுங்காக விட்டுவிடுவேன். பிள்ளை கொஞ்சம் சந்தோஷப்படட்டுமே. பக்கம் வந்ததும் என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். மறுநாள் மறுபடி வராது. "நேத்து வந்துச்சே, நான் ஒண்ணையும் தொடலியே" என்பாள். "தொட்டிருப்ப, ஒனக்கு ஞாபகம் இருக்காது" என்றேன். அவளிடம் நான் வாயால் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

வேதமுத்து வந்தார். டார்லின் உள்ளே முந்திரிக்கொத்தைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நானே கம்ப்யூட்டரைப் போட்டுவைக்கிறேன் என்று போனேன். அவள் வந்து உட்கார்ந்து தேதியை அடித்தாள். நீர்மட்டம் வரவில்லை. அவர் நல்ல மனுஷன். "இது எல்லாருக்கும் நடக்கதுதாம்மா. நியூ இயர் கழிச்சு, நான் கெளம்புததுக்கு முந்தி ஒருக்க வாரேன்" என்றார். வரவும் செய்தார். அன்றும் அதே கதைதான். போகும்போது என்னிடம் மட்டும், "இன்னும் கொஞ்ச நாள் பழகட்டும் சார்" என்றார்.

அவர் போனதும் டார்லின் இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என் கைதாம்பா சரியில்ல" என்றாள். அழவில்லை. நான் அவள் தலையைத் தடவி, "அதனால என்னட்டி, அப்பா இருக்கேம்லா?" என்றேன். அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, டாக்டர். மறைத்து என்ன ஆகப்போகிறது?

மற்றது உங்களுக்குத் தெரியும். முதலில் குழம்புக்கு உப்புப் போட்டேனா என்று கேட்டாள். பிறகு கேஸை மூடினேனா என்று. பூட்டிய கதவைப் பாதித் தெரு போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்த்தாள். கோயிலில் பாடுவதை விட்டாள், ராகம் தப்பிவிடுமாம். இப்போது ஒரு கடிதத்தின் மேல் முகவரி எழுதினால்கூட என்னிடம் கொண்டுவந்து, "சரியாப்பா?" என்பாள். நான் வாசித்துப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் ஒட்டுவாள். நாள் முழுக்க என் பக்கத்திலேயே இருக்கிறாள்.

ஆகவே நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். அவள் எழுதியதில் ஒரு பிழையும் கிடையாது. கை தவறவும் இல்லை, ஞாபகம் பிசகவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் நான்தான் கெடுத்தேன். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதைத் தெரிந்துகொண்டால்தானே நீங்கள் சரியாக வைத்தியம் பார்க்க முடியும்?

ஏனென்றால் உங்கள் மருந்தில் அவள் தேறி வருகிறாள். இரண்டு நாளாக உப்பைப் பற்றிக் கேட்கவில்லை. ரொம்ப நாள் தொடாமல் இருந்த கம்ப்யூட்டரை முந்தாநாள் போட்டுப் பார்த்தாள். நேற்றுக் காலை நான் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "எப்பா, அந்த வாசலுக்கு அனுமதிய யாரு மாத்தியிருப்பா? நான் மாத்தலியே" என்றாள். சத்தமாகக்கூட இல்லை, தனக்குத்தானே கேட்கிற மாதிரி. ஆனால் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

இப்போதிருக்கிற நிலையில் அவளுக்கு உண்மை தெரிந்தால் தாங்குவாளா? நீங்களே சொல்லுங்கள். பெற்ற தகப்பன், என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவளுக்குக் கொடுக்கிற மாத்திரையைக் கொஞ்சம் கூட்டி எழுதித் தாருங்கள், டாக்டர்.