சம்மதம் சொன்ன கண்டக்டர்

சென்னைப் பல்கலைக்கழக மாளிகையை விட்டு, எங்கள் ஆரணிக் கொசுக்களின் அன்பையும் அணைத்துக்கொண்டு, இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பேராசிரியர் சக்கரவர்த்தி ஐயா அவர்களே! பட்டு இழையைப் பாதியில் விட்டுவிட்டு, தறிக்குழியிலிருந்து எழுந்து, கால்கூடக் கழுவாமல் ஓடோடி வந்திருக்கும் நெசவாளப் பெருமக்களே! அடுப்பை அணைத்தீர்களோ, அப்படியே விட்டீர்களோ, இடுப்பில் பிள்ளையோடு முன்வரிசை முழுவதையும் பிடித்துக்கொண்ட தாய்மார்களே! நான் விசில் ஊதினால் மட்டுமே வண்டியை நகர்த்தும் என் ஓட்டுநர், அருமை அண்ணன் அய்யாக்கண்ணு அவர்களே! களம்பூருக்கு டிக்கெட் வாங்கிவிட்டு, போளூர் வரும்வரை கண்ணை மூடித் தூங்குவதாகக் காட்டும் என் கண்ணியமிக்க பயணிகளே! மூன்றாவது வரிசையில் குனிந்துகொள்கிறீர்களே ஐயா, நான் பெயர் சொல்லவில்லை, நிமிர்ந்தே உட்காருங்கள். உங்கள் அனைவருக்கும் இந்தத் தணிகாசலத்தின் தலைதாழ்ந்த வணக்கம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் பார்த்தும்விட்டீர்கள். சற்றுமுன் வரவேற்புரை ஆற்றிய தம்பி, ‘கடல் கடந்து மகளை அனுப்பிய கலங்கரை விளக்கமே, பெண்ணினம் போற்றும் பெருந்தகையே’ என்று அடுக்கிக்கொண்டே போனார். யாரோ பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று எண்ணி நானும் கைதட்டினேன். சும்மா தட்டவில்லை, தோளில் கிடந்த துண்டு நழுவி விழத் தட்டினேன். பக்கத்தில் இருந்த அய்யாக்கண்ணு அண்ணன் என் தொடையைக் கிள்ளி, “யோவ், அது உன்னத்தான்யா சொல்றாரு, கம்முனு இரு” என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். என்ன சொல்கிறார்கள் என்று விளங்காமலேயே பலமாகப் பதில் சொல்வது எனக்குக் கைவந்த கலை. அந்தக் கலையால்தான் இந்த விழாவே நடக்கிறது.

அதற்கு முன், என் காலடியில் சுழன்றுகொண்டிருக்கும் இந்தக் கறுப்புப் பெட்டியைப் பாருங்கள். டேப் ரெக்கார்டர். வரும் வாரம் பேராசிரியர் ஜப்பானுக்குப் போகிறார். இந்த ஒலிநாடாவும் அவரோடு போகிறது. அங்கே என் மகள் டாக்டர் ரேணுகாம்பாள் இதைக் கேட்பாள். அவள் போன வேலை முடிந்துவிட்டது, ஊர் திரும்பவேண்டிய நேரம். ஆனால் அங்குள்ளவர்கள், ‘இன்னும் ஐந்தாண்டு இரு, தனிக்குழுவே தருகிறோம்’ என்கிறார்களாம். ‘அப்பா தன் வாயால் சொல்லக் கேட்டால்தான் இருப்பேன்’ என்று அவள் பேராசிரியரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். நான் இந்த மேடையைவிட்டு இறங்குவதற்குள் அவளுக்குப் பதில் சொல்லியாகவேண்டும்.

நான் யார்? பத்தாம் வகுப்பை இரண்டு முறை எட்டிப்பார்த்துவிட்டு, உள்ளே போகாமல் திரும்பியவன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் இரண்டே சொல். வண்டி கிளம்ப ‘ரைட்’, வண்டி நிற்க ‘ஹோல்டான்’. இந்த இரண்டு சொல்லில்தான் என் வீட்டு உலை கொதித்தது. என் மகள் படித்ததும் அந்த உலையைப் பற்றித்தான்!

அவள் சிறு பெண்ணாக இருந்தபோது, களம்பூர் ரைஸ் மில்லில் வாங்கிய அரிசியைச் சின்னம்மாள், அதாவது என் மனைவி, பொங்கிப்போட்டாள். குழைந்து கூழாகிவிட்டது. “புது அரிசி, அப்படித்தான் குழையும்” என்றாள். உடனே இவள், “புது அரிசின்னா ஏம்மா குழையுது? பழசுன்னா ஏன் குழையல? உள்ள இன்னா நடக்குது?” என்றாள். சின்னம்மாள் கரண்டியைக் காட்டினாள். நான், ‘சாப்பிட்டுட்டுப் பேசு’ என்றேன். ஊரே சாப்பிட்டு எழுந்தது. அந்தக் கேள்வி மட்டும் இலையைவிட்டு எழவில்லை.

ஆராய்ச்சி, ஆராய்ச்சி என்கிறார்களே, அது என்ன? எனக்குத் தெரிந்தவரையில், கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிப் போன பிறகும் இறங்கமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும் ஒரு கேள்வி, அதுதான் ஆராய்ச்சி! அவள் படித்த சென்னைப் பல்கலைக்கழகத் தாழ்வாரத்தில் நடந்து பார்த்தேன். ஓர் அறையில் ஒருவர் தவளையின் இதயத்தைத் துருவுகிறார். அடுத்த அறையில் ஒருவர் உப்பின் உள்ளத்தை உசாவுகிறார். கல்வித் துறையில் ஓர் அம்மையார், கிராமத்துப் பிள்ளைகள் பின்னக் கணக்கைக் கண்டால் ஏன் பின்வாங்குகிறார்கள் என்று ஆண்டுக்கணக்காய் அலைகிறார். எனக்குத் தெரிந்திருந்தால் நானே போய் நின்றிருப்பேன், ‘இதோ ஆள்’ என்று! அந்த வரிசையில் ஓர் அறையில், அரிசி மணியைப் பிளந்து வைத்துக்கொண்டு என் மகள். உலையில் பிறந்த கேள்வி உயர்ந்து உயர்ந்து எங்கே போய் நின்றது பார்த்தீர்களா?

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் அவளுக்கு டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாமாம். சின்னம்மாளுக்குக் காய்ச்சல், நான் மட்டும் போனேன். வடக்கேயிருந்து வந்த தேர்வாளர் கேட்கிறார், இவள் சொல்கிறாள், எல்லாம் ஆங்கிலம். ‘ரைட்’ என்று ஓர் இடத்தில் வந்தது, அங்கே மட்டும் தலையாட்டினேன். முடிந்ததும் அவர் எழுந்து ஒரு தாளைப் படித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, சிரித்த முகமாய் ஏதோ கேட்டார். சபையே என்னைப் பார்த்தது.

நம் ஊர் நிச்சயதார்த்தத்தில் என்ன நடக்கும், தாய்மார்களே? பத்திரிகையைப் படித்து முடித்ததும், ‘பெண் வீட்டாருக்குச் சம்மதமா?’ என்பார்கள். பெண்ணைப் பெற்றவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து, அடிவயிற்றிலிருந்து ‘சம்மதம்’ என்று சொல்லவேண்டும். இழுக்கக்கூடாது, இருமக்கூடாது. என் மாமனார் அந்த நேரத்தில் தும்மிவிட்டார். அதை எங்கள் பக்கத்து உறவுமுறை இன்றைக்கும் மறக்கவில்லை. தாள் படித்தாயிற்று, சபை திரும்பியாயிற்று, கேள்வியும் கேட்டாயிற்று. பட்டம் கொடுப்பதற்கும் பெண் வீட்டாரைக் கேட்கும் பண்பாடு அல்லவா பல்கலைக்கழகப் பண்பாடு என்று பூரித்து, துண்டை இடுப்பில் கட்டி, எழுந்து நின்று, கூரை அதிர,

“சம்மதங்க!”

என்றேன். மண்டபம் சிரித்தது, தட்டியது, எழுந்தே நின்றது. தேர்வாளர், அங்கே இருந்த நம் பேராசிரியர் ஐயாவிடம் பொருள் கேட்டு, ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் ரேணுகா என் கையைப் பற்றினாள். கண்ணெல்லாம் நீர். “நெஜமாத்தான் சொன்னியாப்பா? நீ வுடவே மாட்டேன்னு நெனச்சிகினு இருந்தேன்” என்றாள். எதை விடமாட்டேன்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. “சொன்னா சொன்னதுதாம்மா” என்றேன்.

ஆரணி வண்டி காஞ்சிபுரம் தாண்டும்போது, “அங்க பனி கொட்டுமாம்ப்பா. அம்மாகிட்ட நீதான் பதமா சொல்லணும்” என்றாள். எங்கே என்று கேட்டேன். “ஜப்பான்லதான்” என்றாள்.

அப்போதுதான் தெரிந்தது. அவர் கேட்டது, ‘உங்கள் மகளுக்கு ஜப்பானில் ஓர் இடம் காத்திருக்கிறது, வீட்டாரைக் கேட்காமல் போகமாட்டேன் என்கிறாள், உங்களுக்கு மறுப்பு உண்டா?’ என்று! ஒரு கண்டக்டர், இன்னொரு கண்டக்டரின் வண்டியில், எந்த ஊருக்கு டிக்கெட் எடுத்தோம் என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன், ஐயா.

இந்த மனிதனைத்தான் நீங்கள் கலங்கரை விளக்கம் என்கிறீர்கள்!

மீனம்பாக்கத்தில் பிரியும்போது அவளுக்கே சந்தேகம். “அப்பா, அன்னிக்கிப் புரிஞ்சிதான் சொன்னியா?” என்று கேட்டாள். “ஜன்னலோரமா ஒக்காரு. தலைய வெளிய நீட்டாத” என்றேன். போய்விட்டாள்.

களம்பூர் வந்தால் நெல் அவிக்கும் வாசம் வண்டிக்குள் ஏறுகிறது. பள்ளிக்கூடம் போகையில் அவள் அந்த வாசத்தை மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பிடிப்பாளே, இடப்பக்கத்து மூன்றாவது ஜன்னல், அந்த இடம் காலியாக இருந்தால் டிக்கெட் கிழிக்கும் என் கை நின்றுவிடுகிறது. ஆள் உட்கார்ந்திருந்தால் அதைவிட மோசம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறும்போதெல்லாம் சீருடைகளுக்குள் ஒரு முகத்தைத் தேடுகிறேன். அந்த முகத்துக்கு வயதாகிவிட்டது என்று தெரிந்தும் தேடுகிறேன். சின்னம்மாள் இன்றைக்கும் பழைய அரிசி வாங்கினால் ஒரு படி தனியே எடுத்துவைக்கிறாள். யாருக்கு என்று நான் கேட்பதில்லை.

பேராசிரியர் எங்கள் வீட்டுக்கு வந்து செய்தி சொல்லிப் போன அன்றைக்கு, நான் சின்னம்மாளிடம், ‘வரச் சொல்லிவிடட்டுமா?’ என்று கேட்டேன். அவள் சோற்றை வடித்துக்கொண்டே சொன்னாள்: “வரச் சொன்னா வந்துடுவா. அப்புறம் அந்தக் கேள்வி இங்க வந்து அவளோட ஒக்காந்துகினு இருக்கும். நம்ம மூஞ்சியப் பாத்துகினே இருக்கும்.”

அதோ, முன்வரிசையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். அவளைப் பாராட்டுங்கள். இந்த விழா அவளுக்கு உரியது.

ரேணுகா! கேட்கிறதா அம்மா? உன் கேள்விக்கு விமான நிலையத்தில் ஜன்னலைக் காட்டித் தப்பித்தேன். இந்த அவையறியச் சொல்கிறேன்: அன்று புரியாமல்தான் சொன்னேன். ஆனால் பொருள் புரியாமல் சொன்ன ஒரு சொல், பொருந்தாத இடத்தில் சொன்ன ஒரு சொல், உன்னைப் பெரிய இடத்தில் கொண்டுபோய் இறக்கியது என்றால், அதைத் திரும்ப வாங்க நான் யார்? ஐந்தாண்டு என்றால் என்ன என்று இன்று எனக்குத் தெரியும். பனி என்றால் என்ன, பிரிவு என்றால் என்ன, காலி இருக்கை என்றால் என்ன, எல்லாம் தெரியும். தெரிந்தே எழுந்து நிற்கிறேன். இதோ, துண்டை இடுப்பில் கட்டிவிட்டேன். இருமவில்லை, இழுக்கவில்லை. பெண்ணைப் பெற்றவன் சொல்கிறேன்:

சம்மதம்! முழுச் சம்மதம்! போலாம்… ரைட்!

விசில் அடித்தது யார்? அய்யாக்கண்ணு அண்ணனா? அது என் வேலை, அண்ணே.

பொறுத்துக் கேட்ட பெரியோர்க்கும், அழுத பிள்ளையை அதட்டாமல் அணைத்துக்கொண்ட அன்னையர்க்கும், இந்த ஒலிநாடாவைச் சுமந்து செல்லவிருக்கும் பேராசிரியர்க்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.

விழா மலரில் அச்சிடக் கேட்டதால், பேசியதை அப்படியே எழுதித் தந்துவிட்டேன். பேசாதது ஒன்று உண்டு. வணக்கம் சொன்ன பிறகும் டேப் சுழன்றுகொண்டுதான் இருந்தது. பக்கத்துத் தெருவில் யாரோ தறியைத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் சத்தமும் அதில் பதிந்துகொண்டிருந்தது. ஒலிவாங்கியின் முன்னாலேயே நின்றேன். எனக்குத் தெரிந்த இரண்டாவது ஆங்கிலச் சொல் தொண்டைவரை வந்தது.

ஹோல்டான். எம் பொண்ணு எறங்கணும்.