கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம்

என் வேலையில் பாதி நேரம் இல்லாததைத் தேடுவதிலேயே போகும். இணையப் படிவத்தில் யாராவது ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டால், அங்கேயே தடுத்து நிறுத்த வேண்டும். சின்ன வேலை. ஆனால் அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு ஸ்பேஸ் தட்டினால், கம்ப்யூட்டர் அதையும் ஓர் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நிரலுக்கு அது நிரம்பிய கட்டம். ஸ்பேஸ்களை வெட்டிவிட்டுச் சோதித்தால் அகப்பட்டுவிடும். அதற்கு ஒரு வரி போதும்.

ஒரு மருத்துவமனைக்காகச் செய்த சேர்க்கைப் படிவத்தில் அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. அலுவலகத்தில் சோதனை பார்க்கும் பெண் சுட்டிக்காட்டினாள்.

"ஆஸ்பத்திரிக்கு வர்றவன் வயித்து வலிய விட்டுட்டு ஸ்பேஸ் தட்டி வெளையாடுவானாம்மா?" என்றேன். அவளும் சிரித்துவிட்டாள்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் என் மனைவிக்குக் கடுமையான காய்ச்சல். அதே மருத்துவமனை. செவிலி தன் லாகினில் டேப்லெட்டைத் திறந்து என்னிடம் கொடுத்தாள். "சார், இத மட்டும் ஃபில் பண்ணிடுங்க. பெட் ரெடி பண்ணிட்டு ஓடி வந்துடறேன்." நான் எழுதிய படிவம். பெயர், வயது, முகவரி. ஒன்பதாவது கட்டம்: ஒத்துக்கொள்ளாத மருந்துகள்.

சின்ன வயதில் ஓர் ஊசி போட்டு, என் மனைவிக்கு முகமெல்லாம் வீங்கி மூச்சு நிற்கப் பார்த்ததாம். மருந்தின் பெயரை என்னிடம் மூன்று முறையாவது சொல்லியிருப்பாள். நினைவுக்கு வரவில்லை. அவள் இரண்டடி தள்ளி சக்கர நாற்காலியில்தான் இருந்தாள். கேட்டிருக்கலாம். முந்தின வாரம்தான், "என்னப் பத்தி எதுவாச்சும் ஒண்ணு உங்க மண்டையில நிக்குதா?" என்று சண்டை போட்டிருந்தாள். ஸ்பேஸ் தட்டினேன். அடுத்த பக்கம் வந்தது.

"அந்த ஊசி பேரு போட்டீங்களா?"

"போட்டாச்சு."

"பரவாயில்லையே. இந்த மரமண்டைக்கும் ஞாபகம் இருக்கே" என்று என் முட்டியில் குத்தினாள். அந்தக் காய்ச்சலிலும் அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

உள்ளே என்ன ஊசி என்று அவள் கேட்கவில்லை. நான்தான் எழுதிவிட்டேனே. இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. மருந்தின் பெயரை அவர்கள் கொடுத்த அறிக்கையில் படித்தேன். இனி மறக்காது.

ஐந்தாம் நாள் வேலைக்குப் போனேன். விசாரணை வரும் என்றார்கள். கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம் எப்படிக் காலியாக இருக்கிறது என்று கேட்பார்கள். விடுபட்ட வரியைச் சேர்த்தேன். என் மனைவியின் கட்டத்தில் இருந்த ஸ்பேஸை 'இல்லை' என்று மாற்றினேன். அது ஒன்று மட்டும் மாறினால் கண்ணை உறுத்தும். ஸ்பேஸ் மட்டும் இருந்தவர்கள் இன்னும் இருநூற்றுப் பதினேழு பேர். எல்லோருக்கும் 'இல்லை' என்று போட்டேன். மாற்றிய தேதி பதிவாகாமல் பார்த்துக்கொண்டேன். ஒரு நொடிகூட ஆகவில்லை.

விசாரணையில் செவிலி ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "அன்னிக்கு அந்தக் கட்டம் காலியாத்தான் இருந்துச்சு. காலின்னா ஒண்ணும் இல்லைன்னு நெனச்சுட்டேன்." திரையில் அவள் லாகின் பெயரில் 'இல்லை' என்று இருந்தது. என் பக்கம் திரும்பினாள். "சார், நீங்கதானே ஃபில் பண்ணிக் குடுத்தீங்க?"

"பேரும் விலாசமும் மட்டும்தான்" என்றேன்.

அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். மனைவியைப் பறிகொடுத்தவனை யாரும் துருவிக் கேட்கவில்லை.

அந்தக் கட்டம் காலியாக இருந்தால் நோயாளியை வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்று அதன்பிறகு அங்கே உத்தரவு போட்டிருக்கிறார்கள். நேற்று இறந்துபோன பஸ் டிரைவரை யாரும் கேட்கவில்லை. அவருடைய கட்டம் காலியாக இல்லை. அவர் முன்பு சேர்ந்தபோது கொடுத்த, மகள் பத்திரப்படுத்தியிருந்த பழைய அச்சுத்தாளில் மட்டும் அது காலி. அதை வைத்துத்தான் என்னை விசாரிக்க வந்திருக்கிறீர்கள்.

மற்ற இருநூற்றுப் பதினாறு பேர் யார் என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. பழைய பிரதிகளையும் அழித்துவிட்டேன். 'இல்லை' என்று தாங்களாகவே எழுதிய பல்லாயிரம் பேருக்குள் அவர்கள் கலந்துபோய்விட்டார்கள்.

அவர்கள் யாருக்கும் நான் கெடுதல் நினைக்கவில்லை. என் மனைவியின் பெயருக்கு எதிரே வெறுமையாக இருப்பதைப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான்.