பத்துக்குப் பத்து வலி

குஞ்சிதபாதம்: ஐயோ... அம்மா... தொடை எலும்புக்குள்ள ரைஸ்மில்லு ஓடுது டாக்டரம்மா!

ஷிஃபா: பதறாதீங்க தம்பி. வயசு என்ன?

குஞ்சிதபாதம்: இருபத்திரண்டு.

ஷிஃபா: இருபத்தி... ரெண்டு. சரி, எழுதிக்கிட்டேன்.

குஞ்சிதபாதம்: ஏன் என் வழுக்கையப் பாக்குறீங்க? உங்க சுகிர்தா டாக்டர் குடுத்த வேஷம் இது. நீங்க பரீட்சை எழுதுற டாக்டர், நான் நோயாளி. ரிட்டையர் ஆனவனுக்கு இப்பதான் இளமை திரும்பியிருக்கு, கெடுத்துடாதீங்க!

ஷிஃபா: நான் ஒண்ணும் சொல்லலையே தம்பி. வலி எப்பலேர்ந்து?

குஞ்சிதபாதம்: காலையிலேர்ந்து. எனக்குப் பொறந்ததுலேர்ந்தே சிக்கிள் செல் நோயி. செவப்பணுவெல்லாம் உருண்டையா இல்லாம அரிவாளா வளைஞ்சு, கொஞ்சம் குளிரு பட்டாலே ரத்தக்குழாய அடைச்சுக்குது. ஐயோ! அத்தனை அரிவாளையும் எடுத்துவுட்டா சுரக்குடி வயல் பூராவும் ஒரே நாள்ல அறுத்துடலாம்!

ஷிஃபா: பத்துக்கு எத்தனை வலிக்குது?

குஞ்சிதபாதம்: பதினேழு!

ஷிஃபா: பத்து வரைக்குந்தான் தம்பி.

குஞ்சிதபாதம்: சரி, பத்து. மீதிய அடுத்த தடவைக்கு வெச்சுக்கங்க.

ஷிஃபா: காய்ச்சல்... நெஞ்சு வலி... மூச்சு வாங்குறது?

குஞ்சிதபாதம்: அதெல்லாம் கெடையாது. வலது தொடை மட்டுந்தான். ஐயோ! ...இந்த ஐயோ சுமாருதான். இன்னொண்ணு போடட்டா?

ஷிஃபா: வேணாம். வலிக்கு ஊசி இப்பவே எழுதிட்டேன். அதுவரைக்கும் இந்த வெந்நீர்ப் பைய வெச்சுக்கங்க. நெறைய தண்ணி குடிக்கணும்.

குஞ்சிதபாதம்: இரு இரு... அதுக்குள்ள ஊசியா? நான் இன்னும் தரையில உருளவே இல்லையே!

ஷிஃபா: எதுக்கு உருளணும்?

குஞ்சிதபாதம்: உனக்கு முன்னாடி வந்த நவநீதன் டாக்டரு உருள வெச்சாரே! "நடிக்காதீங்க, எழுந்து நடங்க பாப்போம்"னு ஒரே அதட்டல்.

ஷிஃபா: நீங்க என்ன பண்ணீங்க?

குஞ்சிதபாதம்: முட்டை போட்டேன். இந்தப் பரீட்சைக்கு நோயாளி போடுறதுதாம்மா மார்க்கு. தேறுனாத்தான் மலை ஆஸ்பத்திரியில வேலை.

ஷிஃபா: தெரியும் ஐயா. அந்த வேலை எனக்கு வேணும். அங்கதான் இந்த நோய்க்காரங்க அதிகம். ஆனா... மலைக்குளிரத் தாங்குற ஆளாப் பாத்துத்தான் எடுப்பாங்களாம்.

குஞ்சிதபாதம்: தம்பி போயி ஐயா வந்துட்டாரா? அப்ப பரீட்சை முடிஞ்சுது. இப்ப சொல்லு, என் நடிப்பு அவ்ளோ தத்ரூபமா? கோட்டுச்சேரி மேடையில நான் செத்து விழுந்தப்ப நிஜ ஆம்புலன்ஸே மூணு வந்துச்சு!

ஷிஃபா: படு மட்டம் ஐயா.

குஞ்சிதபாதம்: என்னது!

ஷிஃபா: வலது தொடைன்னுட்டு எடது தொடையப் புடிச்சுக்கிட்டு இருந்தீங்க. நடுவுல என் டீயயும் நீங்கதான் குடிச்சீங்க.

குஞ்சிதபாதம்: பொய்யின்னு தெரிஞ்சேவா ஊசி எழுதுன?

ஷிஃபா: பத்துன்னு சொன்னீங்கள்ல? வலி உங்களுது. அதக் கொறைச்சுச் சொல்ல நான் யாரு?

குஞ்சிதபாதம்: ஹும்... ஒரு ரகசியம் சொல்றேன், வெளியில விட்டுடாத. மட்டமா நடிக்கச் சொன்னதே சுகிர்தாம்மாதான். பாத்தாலே சந்தேகம் வரணுமாம். அப்பவும் யாரு நம்பி வைத்தியம் பண்றாங்கங்கிறதுதான் பரீட்சையாம். ராஜாபார்ட் கட்டுனவனுக்கு மட்டமா நடிக்கிறது எவ்ளோ செரமம் தெரியுமா!

ஷிஃபா: ரொம்ப செரமப்பட்ட மாதிரி தெரியல ஐயா.

குஞ்சிதபாதம்: குசும்பு! ஆமா... நிஜமாவே வலிச்சா எப்படிம்மா இருப்பாங்க? கத்துவாங்களா?

ஷிஃபா: சில பேரு கத்துவாங்க. சில பேரு சின்ன வயசுலேர்ந்தே பழகி... சும்மா போனப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. யாராச்சும் கிண்டல் பண்ணா சிரிப்பாங்க. அதனாலயே யாரும் நம்ப மாட்டாங்க.

குஞ்சிதபாதம்: அவ்ளோ வலியில சிரிக்கிறாங்களாக்கும்! அளக்காதம்மா, நானே இவ்ளோ அளக்க மாட்டேன். இந்தா... பத்துக்குப் பத்து, கையெழுத்தும் போட்டாச்சு.

ஷிஃபா: மாத்த மாட்டீங்களே?

குஞ்சிதபாதம்: ராஜா வாக்கு! ஆனா ஒண்ணு கேக்கணும். இந்த வெக்கையில சுவெட்டரு. வந்ததும் ஏசிய நிறுத்துன. பாட்டில் பாட்டிலா தண்ணி குடிக்கிற. மலைக்கு இப்பவே ஒத்திகையா? ...இந்த வெந்நீர்ப் பையக்கூட உன் தோள்பையிலேர்ந்துதான எடுத்த? எடுக்குறப்பவே சூடா இருந்துச்சே...

ஷிஃபா: அதத் திருப்பிக் குடுங்க ஐயா. எனக்கும் பொறந்ததுலேர்ந்தே இருக்கு. காலையில வலி அஞ்சுதான்... இப்ப எட்டு.