காத்தாடியாச்சு

இந்த நாற்காலியை யாராவது ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பரவாயில்லை மேடம், நான் நின்றுகொண்டே சொல்கிறேன். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். எனக்கு முன்னால் இதில் யார் யார் உட்கார்ந்தார்களோ, எதை எதைத் தொட்டுவிட்டு வந்தார்களோ என்று தோன்றியது, அவ்வளவுதான். தண்ணீரும் வேண்டாம். டம்ளர் விளிம்பில் யாரோ குடித்த உதட்டுத் தடம் இருக்கிறது.

என் மனைவியைப் பால்கனியில் விட்டு ஏன் தாழ்ப்பாள் போட்டேன் என்று நேற்று கேட்டதையே இன்றும் கேட்கிறீர்கள். அதை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்துச் சொன்னால் யாருக்கும் நான் கொடுமைக்காரனாகத்தான் தெரிவேன். முதலிலிருந்து சொன்னால் உங்களுக்கே நியாயம் புரியும்.

நான் மாத்திரைகளை அட்டையில் அடைக்கும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். உள்கூடத்துக்குப் போகுமுன் செருப்பைக் கழற்றி, தலைக்குத் தொப்பி போட்டு, அங்கி மாட்டிக்கொண்டு ஒரு சின்ன அறைக்குள் நிற்க வேண்டும். அதற்கு இரண்டு கதவுகள். பின்கதவு சாத்தியதும் நாலா பக்கமும் காற்று அடிக்கும். உடம்பில் ஒட்டிய தூசி, முடி, வெளியுலகத்துக் கழிசடை எல்லாம் போகும். காற்று நிற்கும் வரை முன்கதவு திறக்காது. முதலாளியே வந்து நின்றாலும் திறக்காது. அந்த அறையில் நிற்கும்போதுதான் என் மனசு லேசாகும். சுத்தம் சோறு போடும் என்பார்கள். எனக்கு மாதாமாதம் போட்டது.

அந்த வேலைக்காகத்தான் கல்யாணம் ஆன கையோடு இந்த நகரத்துக்கு வந்தோம். மேல்மாடி வீடு. வாசல் கதவைத் திறந்தால் ஒரு ஆள் நிற்கிற இடம், வலப்பக்கம் துணி துவைக்கும் இயந்திரம் வைத்த சின்ன பால்கனி, நேரே உள்கதவு. பால்கனிக்கு மேல்பாதியில் கண்ணாடி போட்ட கதவு. அந்த அமைப்பைப் பார்த்ததுமே வீடு எனக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கு ஜன்னல் பிடித்தது. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு, "எவ்ளோ பேரு பாருங்களேன்" என்றாள். நானும் அதையேதான் நினைத்தேன், வேறு மாதிரி.

அவளுக்குக் கை சும்மா இருக்காது. நடந்தால் கம்பி வேலியில் விரலை ஓட்டிக்கொண்டே வருவாள். பஸ்ஸில் ஆயிரம் பேர் பிடித்த கம்பியைப் பிடித்துவிட்டு அதே கையால் கண்ணைக் கசக்குவாள். சந்தையில் பழத்தை அழுத்தி, முகர்ந்து, கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்து, அவர் நீட்டிய துண்டை அப்படியே வாயில் போட்டுக்கொள்வாள். அவருடைய நகக்கண்ணில் இருந்த கறுப்பை நான் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தின்றிருப்பாள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

விடுமுறை நாட்களில் அவளை நான் வெளியே கூட்டிப்போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அருங்காட்சியகம் போனோம், ஏரியில் படகு விட்டோம், பூங்காவில் புல்லில் உட்கார்ந்தோம். அவள் உட்கார்ந்தாள், நான் பக்கத்தில் நின்றேன். பையில் கிருமிநாசினி பாட்டிலோடு பின்னாலேயே போவேன். அவள் தங்கை எனக்குச் சோப்பு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தாள். "மனுஷனுக்குச் சோப்பு போட மட்டும் தெரியாது, மத்த எல்லாத்துக்கும் போடுவாரு" என்று ஃபோனில் சொல்லிச் சிரிப்பாள். என் மனைவியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். "இவரக் கட்டுனதுக்கு வாஷிங் மெஷினக் கட்டியிருக்கலாம்டி. அதாச்சும் தொவச்சு முடிஞ்சதும் ஒரு பாட்டுப் பாடும்." நானும் சிரித்தேன். எனக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

பால்கனி யோசனை ஒரு விடுமுறை மாலையில் வந்தது. பூங்காவிலிருந்து திரும்பியபோது அவள்மேல் புல்லும் வியர்வையும் ஏதோ நாயின் வாடையும் அடித்தன. உள்ளே வருமுன் கொஞ்ச நேரம் அங்கே நில்லு, வெளிக்காற்றில் எல்லாம் போகட்டும் என்றேன்.

"என்னது, காத்தாட நிக்கணுமா?" என்றாள். "ஜாலிதான். நல்லா காத்தாட நிக்கிறேன், நீங்க போங்க."

பெயர் வைத்தது அவள்தான். அதை எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சிரித்துக்கொண்டேதான் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடியைத் தட்டி, "காத்தாடியாச்சு" என்றாள். திறந்தேன். அதுவே வழக்கமாகிவிட்டது. வெளியே போய் வந்தால் அவள் பால்கனியில் நிற்பாள், நான் குளித்துவிட்டு வருவேன், அவள் காத்தாடியாச்சு என்பாள், நான் திறப்பேன். புதுசாகக் கல்யாணமானவர்களுக்குள் இப்படி எத்தனையோ இருக்கும்.

பிறகு அவள் வேலைக்குப் போனாள். பகலெல்லாம் தனியாக இருந்து பைத்தியம் பிடிக்கிறது என்று சொல்லி ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சேர்ந்தாள். அங்கே என்ன வேலை தெரியுமா மேடம்? மூக்குத் துடைப்பது, ஜட்டி மாற்றுவது, எச்சில் ஒழுக ஒழுக ஊட்டுவது. சாயங்காலம் வரும்போது அவள் தோளில் புளித்த பால் வாடை வரும். ஊரான் வீட்டுப் பிள்ளைகளின் சளி அவள் துப்பட்டாவில் காய்ந்து பளபளப்பாக இருக்கும், நத்தை போன தடம் மாதிரி. அவளோ அதை விரலால் தேய்த்துப் பார்த்து, "இது குண்டுப் பையன் வேலை" என்பாள், பரிசு கிடைத்த மாதிரி.

நான்தான் காப்பகத்து மேடத்துக்கு ஃபோன் செய்து அவள் இனி வர மாட்டாள் என்று சொன்னேன். அன்று அவள் அழுதாள். அழுதால் மூக்கு ஒழுகும், உதட்டில் எச்சில் நூல் கட்டும். அதனால் அவள் அழும்போது நான் பார்ப்பதில்லை.

தாழ்ப்பாள் அதற்குப் பிறகு வந்ததுதான். அவள் நேரம் முடியுமுன்னே உள்ளே வந்துவிடுவாள், வந்து என் கட்டிலில் உட்காருவாள். வேண்டுமென்றேதான். "இப்ப என்ன ஆச்சு, செத்தா போயிட்டீங்க?" என்று கேட்பாள். அதனால் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வைத்தேன். அடைத்து வைக்க அல்ல. தொழிற்சாலையிலும் காற்று நிற்கும்வரை கதவு திறக்காது. யாரும் அதைச் சிறை என்று சொல்வதில்லை.

எதிர்வீட்டில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார், உங்களிடம் வந்து அழுதவர். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் மழையில் கதவு தட்டும் சத்தம் கேட்டு வந்து விசாரித்தார்.

"யாரு தம்பி தட்டுறது?"

"அவதான்க்கா. காத்தாட நிக்கிறா."

"மழையில என்ன தம்பி காத்து?"

அக்கா கட்டியிருந்த சேலையில் அறுந்த நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. நான் கதவைச் சாத்திவிட்டேன். அதை அவர் உங்களிடம் மரியாதைக்குறைவாகச் சொல்லியிருப்பார். வாசற்படியில் விழுந்த நூலை நான்தான் பொறுக்கினேன்.

மாமியார் சொன்னதையும் ஒப்புக்கொள்கிறேன். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. "ஈரக்காத்து அவளுக்கு ஆகாது மாப்ள, பாத்துக்குங்க" என்று கல்யாணத்தன்றே சொன்னார். நான் மறக்கவில்லை. அவள் கைப்பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கிறதா என்று நானே பார்ப்பேன். அதன் வாயை வாரம் ஒருமுறை நானே வெந்நீரில் கழுவுவேன். இப்படிப் பார்த்துக்கொள்கிற கணவன் எத்தனை பேருக்குக் கிடைப்பான்?

கடைசி விடுமுறைக்கு வருகிறேன். தொடர்ந்தாற்போல் லீவு, கட்டிடமே காலி, எல்லோரும் ஊருக்குப் போயிருந்தார்கள். தையல்கார அக்காவும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவள் ஏரிக்குப் போகலாம் என்றாள். வானம் மூட்டமாக இருந்தது, குளிர் வேறு. வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, "மூஞ்சியத் தூக்கி வச்சுக்காம வாங்க, இன்னைக்கு ஒருநாள்" என்றாள். அவள் சந்தோஷத்துக்காகத்தான் போனேன்.

படகுத்துறையில் ஒரு குழந்தை அம்மாவைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு நின்றது. முகமெல்லாம் சளி, கையில் கரைந்துபோன ஐஸ்கிரீம். எத்தனையோ பேர் ஒதுங்கிப் போனார்கள். இவள் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டாள். அது அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துத் தேய்த்தது. பிறகு அவள்மேல் வாந்தி எடுத்தது. அவள் சிரித்தபடி அதன் வாயைத் தன் துப்பட்டாவால் துடைத்து, அந்த நெற்றியில் முத்தம் கொடுத்தாள். தாய்க்காரி வந்து வாங்கிக்கொள்ளும் வரை இடுப்பிலேயே வைத்திருந்தாள்.

பஸ்ஸில் நான் தள்ளி முன்னால் போய் நின்றுகொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அவள் கைப்பை பஸ் தரையில் கிடந்தது, ஈரமும் சேறும் எச்சிலும் கலந்த தரை. அவள் என்னைப் பார்த்துக் கையாட்டினாள். அந்தக் கையால்தான் குழந்தையின் வாயைத் துடைத்தாள். நான் கையாட்டவில்லை.

வீட்டு வாசலில் அவளிடமிருந்து பையைக் கைக்குட்டையால் பிடித்து வாங்கினேன். அவள் பால்கனிக்குப் போய் நின்றாள். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு நான் குளிக்கப் போனேன். அன்று இரண்டு தடவை சோப்புப் போட வேண்டியிருந்தது. குளிக்கும்போது மழை பிடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. சாரல் அந்தப் பக்கம்தான் அடிக்கும், தெரியும்.

வெளியே வந்தபோது அவள் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். "பைய மட்டும் குடுங்க" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் இழுத்தது. அவள் மார்புக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம் வரும், சளிக்குள்ளே காற்று நுழைகிற சத்தம். எனக்கு அந்தச் சத்தம் முதல்நாளிலிருந்தே பிடிக்காது. துடைத்துவிட்டுத் தருகிறேன் என்று சொன்னேன். தருவதாகத்தான் சொன்னேன், தர மாட்டேன் என்று சொல்லவில்லை.

கையுறை மாட்டிக்கொண்டு உள்கதவருகே உட்கார்ந்து, பையைக் காகிதத்தின்மேல் வைத்து அடிப்பக்கத்தை முதலில் துடைத்தேன். பிறகு கைப்பிடி. ஜிப்பின் பல்லிடுக்கில் சேறு இருந்தது, அதைப் பழைய பல் துலக்கும் பிரஷால் எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தேன். ஃபோன், சீப்பு, பஸ் டிக்கெட், இன்ஹேலர். சீப்பில் முடி இருந்தது. வரிசைப்படிதான் துடைத்தேன். அவசரப்பட்டு நடுவில் ஒன்றை எடுத்தால் எல்லாவற்றையும் திரும்ப ஆரம்பிக்க வேண்டும்.

தட்டுவது நின்றிருந்தது. தட்டினால் கண்ணாடியில் கைத்தடம் விழும் என்று எத்தனையோ முறை சொல்லியிருந்தேன். ஒருவழியாகக் கேட்டுக்கொண்டாள் என்று நினைத்தேன்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், தாழ்ப்பாள் போட்டது நான்தான். அவளுக்கு மூச்சு முட்டுகிறது என்று எனக்குத் தெரியும். மருந்து என் கையில் இருந்தது. கதவு எனக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. கதவைத் திறந்தபோது அவள் துணி துவைக்கும் இயந்திரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், வாய் திறந்திருந்தது, உதடு நீலமாக இருந்தது. சுத்தம் செய்த இன்ஹேலரை அவள் கையில் வைத்துவிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தேன்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் கண்ணாடியை ஏன் துடைத்தாய், எதை அழிக்கப் பார்த்தாய் என்று உங்கள் ஆட்கள் கேட்டார்கள். அழிக்க நான் என்ன கொலைகாரனா? அதைத் துடைத்தது அப்போது இல்லை. அதற்கு முன்பே, சீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் கண்ணாடியில் வாயை வைத்து ஊதி, அந்த ஆவிமேல் விரலால் எழுதியிருந்தாள். உள்ளே இருக்கிற நான் படிக்க வேண்டும் என்று எழுத்துகளை எல்லாம் இடவலம் மாற்றித் திருப்பிப் போட்டிருந்தாள். ஒரே ஒரு துணைக்கால் மட்டும் தப்பான பக்கம் நின்றது. காத்தாடியாச்சு.

வாசித்தேன். அவள் எச்சில் காற்று பட்ட இடம் அது. எழுந்து போய்த் துணியில் கிருமிநாசினியைத் தெளித்துத் துடைத்தேன். போகவில்லை. அழுத்தித் துடைத்தேன், அப்போதும் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, எழுத்து வெளிப்பக்கம் இருக்கிறது என்று. திரும்பி வந்து சீப்பை எடுத்தேன். நீங்களே போய்ப் பாருங்கள் மேடம். அழுக்கெல்லாம் அவள் பக்கம்தான் இருக்கிறது. என் பக்கம் சுத்தமாக இருக்கும்.