மருந்தடிக்காத லீக்ஸ்

எங்கள் வீட்டு லீக்ஸைக் குறை சொன்னவர் லிந்துலையில் யாரும் இல்லை. தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்திதான், ஆனாலும் தண்டு வெள்ளை வெளேரென்று தடியாக வரும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன் சேர். நீங்கள் வாக்குமூலத்தில் என்னைக் கைராசி இல்லாதவன் என்றும் எழுதிவிடக் கூடாது.

நுவரெலியாவில் மரக்கறி பரிசோதிக்கும் தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் நான் உதவியாளன். மரக்கறியை அரைத்து, கரைசல் ஊற்றி, சுழற்றி, மேலே தெளிந்து நிற்பதை எடுத்து மெஷினுக்குக் கொடுப்பது என் வேலை. பூச்சிமருந்து இருந்தால் திரையில் கோடு மேடாக எழும்பும். ஆனால் மரக்கறிக்கும் தனக்கென்று சில மேடுகள் உண்டு. அதனால் மருந்தே அடிக்காத ஒன்றை முதலில் ஓட்டி, அதில் எழும்புவதை மற்றவற்றிலிருந்து கழித்துவிடுவோம். மிஞ்சுவதுதான் மருந்து. அப்படிச் சுத்தமான லீக்ஸ் எங்கே கிடைக்கும் என்று எங்கள் பொறுப்பாளர் பிரேமினி மிஸ் தேடியபோது, நான் என் வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினேன்.

அதற்குப் பிறகு யார் வந்தாலும் மிஸ் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். கொழும்பிலிருந்து வந்த பெரியவர்கள்கூட என் கையைக் குலுக்கினார்கள். தோட்டத்தில் எனக்குச் சுத்த லீக்ஸ்காரர் என்றே பெயர் வந்துவிட்டது. மறைப்பானேன், எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

வெயில் காலத்தில் லீக்ஸ் தாளில் பூச்சி விழுந்தது. பக்கத்துப் பாத்திக்காரர் மிச்சம் வைத்திருந்த மருந்தில் கொஞ்சம் வாங்கி அடித்தேன். பேர் வாங்கிய லீக்ஸைப் பூச்சி தின்ற கோலத்தில் கொண்டுபோக முடியுமா? மெஷின் பொல்லாதது, உடனே மேடு காட்டிவிட்டது.

“முத்துலிங்கம், மருந்து ஏதும் அடிச்சீங்களா?” என்று மிஸ் கேட்டார்.

“சத்தியமா இல்லீங்க மிஸ். எங்க மண்ணு வாகு அப்படி.”

மிஸ் நம்பினார். நல்ல மனசு. மண்ணின் வாகு என்று அந்த மேட்டையும் சேர்த்துக் கழிக்கச் சொன்னார்.

அன்று முதல் ராகலைப் பக்கத்திலிருந்து பரிசோதனைக்கு வந்த லீக்ஸ் எல்லாமே சுத்தம். வியாபாரிகளுக்குச் சந்தோஷம், விவசாயிகளுக்குச் சந்தோஷம். சந்தோஷத்தில் அவர்கள் மருந்தடிக்கும் கை தாராளமாகி, கழித்த பிறகும் மருந்து மிஞ்சத் தொடங்கியது. அதிகம் மிஞ்சினால் மிஸ் எல்லாவற்றையும் கிளறுவார், என் பாத்திக்கும் வந்து நிற்பார். ஆகவே கழிபடுவதும் கூடட்டும் என்று அவர்களுக்கு ஈடாக நானும் கூட்டி அடித்தேன். அவர்கள் ஏற ஏற நானும் ஏறினேன். வீட்டில் மட்டும் லீக்ஸ் சமைப்பதை நிறுத்திவிட்டோம். எனக்கு வாய்வு என்று மனைவி நாகலெட்சுமியிடம் சொல்லியிருந்தேன்.

தாய்மார் கொழுந்தெடுக்கப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்கு லெட்சுமி அக்காதான் பொறுப்பு. ஒரு நாள் அவர் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

“கடை மரக்கறிய நம்பி புள்ளைங்களுக்கு எப்படி தம்பி குடுக்கிறது? ஒங்க லீக்ஸ்ல ரெண்டு கட்டு குடுங்க. நாளைக்கு சூப்பு வைக்கணும்.”

காரணம் தேடினேன், அகப்படவில்லை. என் மனைவி அதற்குள் பெருமையாகப் பிடுங்கத் தொடங்கிவிட்டாள். வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள். அதனால் நன்றாகக் கழுவிப் போடுங்கள் என்று மட்டும் சொன்னேன். கழுவினால் போகிற மருந்து அல்ல அது. இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

மறுநாள் சூப் குடித்த பிள்ளைகள் வாந்தியெடுத்தார்கள். பக்கத்து வீட்டு லோஜனுக்கு வலிப்பு வந்தது. மருந்தாக இருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். சமைத்தது போக மிஞ்சிய லீக்ஸில் ஒரு பங்கைக் கொழும்புக்கும், உடனே முடிவு தெரிய ஒரு பங்கை எங்கள் ஆய்வுகூடத்துக்கும் அனுப்பினார். பொட்டலத்தில் பிள்ளைக் காம்பரா என்றுதான் எழுதியிருந்தது, அது யார் வீட்டு லீக்ஸ் என்று மிஸ்ஸுக்குத் தெரியாது. நானே அரைத்தேன், நானே சுழற்றினேன். என் லீக்ஸிலிருந்து என் லீக்ஸைக் கழித்தோம். எதுவும் மிஞ்சவில்லை. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு சுத்தமான முடிவை நான் பார்த்ததில்லை.

மருந்தில்லை என்று மிஸ் டாக்டருக்கு அறிவித்தார். டாக்டர் வயிற்றுக் கிருமி என்று வைத்தியம் பார்த்தார். கொழும்பிலிருந்து வேறு முடிவு வருவதற்குள் மற்றப் பிள்ளைகள் தேறிவிட்டார்கள், லோஜன் போய்விட்டான். குழி வெட்டப் போனவர்களில் நானும் ஒருவன். மனசு கேட்கவில்லை.

தினமும் பிள்ளைக் காம்பராவுக்குப் போகிற என் மகள் தனுஷிகா அன்று மட்டும் ஏன் போகவில்லை என்று கடைசியாகக் கேட்டீர்கள். அவளுக்குச் சளி என்று லெட்சுமி அக்காவுக்குச் சொல்லியனுப்பியது நான்தான். அவளுக்குச் சளி இல்லை. ஒரு பிள்ளையையாவது நான் காப்பாற்றியிருக்கிறேன் சேர். அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.