யாளிப் பெட்டகம்

புது மரத்துக்கு இருநூறு வயது ஏற்றுவது பெரிய வேலை இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. பழவேற்காட்டுச் சேற்றில் ஒரு மாதம் புதைத்து, எடுத்துக் காயவைத்து, டீத்தூள் கொதித்த தண்ணீரைத் தடவினால் போதும். ராஜாக்களுக்கு மானியம் நிற்கப்போகிறது என்று பேப்பரில் வந்ததிலிருந்து எல்லோருக்கும் அரண்மனைச் சாமான் மேல் ஆசை. எந்த ராஜாவுடையது என்று கேட்டால், கேட்பவர் முகத்தைப் பார்த்து ஒரு ராஜாவைச் சொல்வேன்.

கும்மிடிப்பூண்டி ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் செதுக்கியதெல்லாம் என் மச்சான் சின்னராசு. என் மனைவி கோவிந்தம்மாவின் தம்பி. நாற்பது வயது, அடக்கமான ஆள். அவனைக் கெடுத்தது பாராட்டுதான். போன மாதம் கல்கத்தா சேட் ஒருவர் பெட்டகம் பார்க்க வந்தார். ஆளே படுக்கலாம், அவ்வளவு பெரிது. மூலையிலிருந்த யாளியின் பல்லைத் தடவியவர், இப்படிச் செதுக்கும் கை இந்தக் காலத்தில் பிறக்காது என்று கண் கலங்கினார். மறுநாள் லாரியோடு வருவதாகச் சொல்லிப் போனார்.

மறுநாள் காலை சின்னராசு நாஷ்டாவைத் தொடவில்லை.

"மாமா, சேட்டாண்ட சொல்லிடப் போறேன். இத்த செஞ்சது நான்தான்னு."

"சொன்னா பொழப்பே பேஜாராயிடும்டா."

"ஆவட்டும். இந்தக் கையி இன்னும் உசுரோட கீதுன்னு அவருக்குத் தெரிய வேணாவா?"

நான் கோபப்படவில்லை. பெட்டகத்துக்குள் ஓர் ஆணி துருத்திக்கொண்டிருக்கிறது, பார் என்றேன். தன் வேலையில் குறை என்றால் அவனுக்குத் தாங்காது; உடனே உள்ளே இறங்கினான். மூடிப் பூட்டினேன். சேட் போகும்வரைக்கும்தான். சேட்டோடு பெட்டகமும் போகும் என்பதை நான் யோசிக்காமல் இல்லை.

சேட் அதன்மேல் உட்கார்ந்தே டீ குடித்தார். உள்ளே தட்டும் சத்தம் கேட்டு, என்ன என்றார். பழைய மரம் வெயிலுக்கு அப்படித்தான் பேசும் என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். அவ்வளவு சந்தோஷமாக இருப்பவரிடம் எப்படிச் சொல்வது? ஆறு பேர் லாரியில் ஏற்றினார்கள். நானும் ஒரு கை கொடுத்தேன்.

தம்பி எங்கே என்று கேட்ட கோவிந்தம்மாவிடம், நெல்லூர்ப் பக்கம் போயிருக்கிறான் என்றேன். லாரி அந்த வழியாகத்தான் போனது. பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

கல்கத்தாவில் திறந்தபோது அவன் எப்படியிருந்தான் என்பது உங்களுக்குத்தான் தெரியும். பூட்டியது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காற்றுப் புக மயிரிழை இடைவெளிகூட விடாமல் பலகை சேர்த்தவன் அவன். கொன்றவர் யார் என்று எழுதும்போது, ஐயா, இரண்டு பேராக எழுதுங்கள்.