சஜினைப் பார்க்க வந்தவர்கள்

— எக்கா, யாருண்ணு கேட்டா என்ன சொல்லுவோம்?

— மெதுவாட்டுப் பேசு, சுயம்பு. சஜின்கூட வேலை பாத்தோம்ணு சொல்லணும். எச்ஐவி சங்கத்துலேருந்து வாறோம்ணு உளறிராத. வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. செத்த பிறகு நம்மளால அவனுக்க பேரு கெடப்பிடாது.

— நான் மாத்திரையே வேண்டாம், சாவட்டும்ணு கெடந்தப்ப, குளத்தூர்ல எனக்க வீட்டுக்கு வந்து பக்கத்துல இருந்து திங்க வெச்சவனாக்கும். அவனப் போயி ஒரு லாரி அடிக்கணுமா எக்கா? முகம் பாக்காம நான் போவமாட்டேன்.

— கண்ணத் தொடை. அந்தா வாறது அவனுக்க அண்ணன் ஜெயதாஸ். நீ வாயத் தொறக்காத.

— நீங்க ரெண்டுபேரும் ஆரு? வந்ததுலேருந்து வாசல் கேட்டுலயே நிக்கிய.

— எனக்க பேரு லிஷா. இது சுயம்பு. சஜின்கூட வேலை பாத்தோம்.

— எங்க?

— பாறசாலையில, டைல்ஸ் கடையில.

— கடைக்காரங்க எல்லாரும் காலையிலேயே வந்து மாலை போட்டுட்டுப் போயாச்சு. உங்களக் காணல்லியே?

— அண்ணே, நாங்க பழைய ஆளுகளாக்கும்.

— எலே, ஒன்கிட்ட கேக்கல்ல. லிஷாக்கா, பொய் சொல்லாதுங்கோ. இவன் கூடப்பெறந்தவன் செத்தமாதிரி நிண்ணு அழுவுதான். கடையில கூட நிண்ணவன் இப்பிடி அழுவானா?

— அது... ஜெபக்கூட்டத்துல பழக்கம்.

— இப்பம் ஜெபக்கூட்டமா? எந்தப் பள்ளி? பாஸ்டர் உள்ளதான் இருக்காரு, விளிக்கட்டா?

— வேண்டாம்! சத்தம் போடாதுங்கோ, அம்மைக்குக் கேக்கும். நாங்க போறோம். வா மக்கா.

— நான் வரல்ல எக்கா!

— நில்லுங்கோ. பெட்டியில கெடத்த நல்ல சட்டை ஒண்ணு எடுக்கலாம்ணு அவனுக்க அலமாரியத் தொறந்தேன். துணிக்கு அடியில ஒரு மாத்திரை டப்பா. அது எதுக்குள்ளது?

— சத்து மாத்திரையாட்டு இருக்கும்.

— சத்து மாத்திரைக்கு எதுக்கு லேபிளக் கிழிக்கணும்? எதுக்கு ஒளிச்சு வெக்கணும்?

— எனக்குத் தெரியாது. சத்தியமாட்டுத் தெரியாது. அவன் நல்லவன், அது மட்டும் தெரியும்.

— எனக்குத் தெரியும் லிஷாக்கா. டப்பாவத் தொறந்து பாத்த உடனே தெரிஞ்சுது. தம்பி அறியப்பிடாதுண்ணு, அடுத்த ரூமுல கதவப் பூட்டிக்கிட்டு, வருசக்கணக்கா நானும் அந்த மாத்திரையத்தான் முழுங்குதேன்.